கட்டளை வரிச் செயலுருபு மாறிகள்

கட்டளை வரிச் செயலுருபு மாறிகள் என்பவை, ஒரு நிரலை முனையத்திலிருந்து இயக்கும்போது அதன் பெயருக்குப் பின்னால் தட்டச்சு செய்யப்படும் சொற்களை அந்நிரலுக்குள் ஏந்தி வரும் மாறிகள் ஆகும். பைத்தான் மொழியில் 'சிஸ்' நிரற்கூறில் உள்ள 'ஆர்க்வி' என்னும் பட்டியல் இப்பணியைச் செய்கிறது. பி.எச்.பி. மொழியில் 'ஆர்க்வி', 'ஆர்க்சி' ஆகிய இரு மாறிகள் உள்ளன. பேர்ல், ரூபி ஆகிய மொழிகளிலும் இதே பெயரையொட்டிய பட்டியல்கள் உண்டு.

ஸ்கிரிப்ட் மொழி ஒன்றின் பதிப்பை உயர்த்தும்போது, நிரலில் ஒரு வரியும் மாற்றப்படாத நிலையிலும் இம்மாறிகள் வேறுவகையாக நடந்துகொள்வது உண்டு. பட்டியல் வெறுமையாகலாம், சரத்தின் நீளம் மாறலாம், தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகத் தோன்றலாம். இயங்குதளம் தரும் பைட்டுகளை மொழி எப்பெயரில், எக்குறிமுறையில் நிரலிடம் ஒப்படைக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியதே இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். ஆங்கில எழுத்துகள் மட்டும் கொண்ட செயலுருபுகளில் இம்மாற்றம் பல நேரங்களில் வெளியே தெரிவதில்லை. தமிழ்ச் செயலுருபுகளில் அது உடனே வெளிப்படுகிறது.

பின்னணி

செயலுருபுகளை எண்ணிக்கையாகவும் பட்டியலாகவும் பெறும் முறை யுனிக்ஸ் இயங்குதளத்திலிருந்தும் சி மொழியிலிருந்தும் வந்தது. சி மொழியின் 'மெயின்' செயற்கூறு இரண்டு மதிப்புகளைப் பெறுகிறது. முதலாவது செயலுருபுகளின் எண்ணிக்கை. இரண்டாவது அச்செயலுருபுகளின் வரிசை. யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள் ஒவ்வொரு செயலுருபையும் சுழியத்தில் முடியும் பைட்டுத் தொடராகவே தருகின்றன. அத்தொடர் எம்மொழியைச் சேர்ந்தது, எக்குறிமுறையில் எழுதப்பட்டது என்னும் செய்தி அதனுடன் வருவதில்லை.

பின்வந்த ஸ்கிரிப்ட் மொழிகள் இம்முறையைச் சிறுசிறு வேறுபாடுகளுடன் ஏற்றுக்கொண்டன. பைத்தானிலும் பி.எச்.பி.யிலும் பட்டியலின் சுழிய இடத்தில் நிரலின் பெயர் இருக்கும். முதல் செயலுருபு ஒன்றாம் இடத்தில் இருக்கும். பேர்ல், ரூபி மொழிகளில் நிரலின் பெயர் பட்டியலில் சேர்க்கப்படுவதில்லை. முதல் செயலுருபே சுழிய இடத்தில் இருக்கும். ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு நிரலைப் பெயர்த்து எழுதுவோர் முதலில் தடுமாறும் இடம் இதுவாகும்.

தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களும் இம்மாறியை அறிவர். 2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், சி++ நிரலைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடத்தில் 'சிஸ்', 'கெட்ஆப்ட்' ஆகிய நிரற்கூறுகளுடன் கட்டளை வரிச் செயலுருபுகள் விளக்கப்படுகின்றன.

எழுத்து, குறியெண், பைட்டு

சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கடலூர் மாவட்டத்தில் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊரான விருத்தாசலத்தின் பெயரை ஒரு நிரலுக்குச் செயலுருபாகக் கொடுப்பதாகக் கொள்வோம்.

'விருத்தாசலம்' என்பதைத் தமிழ் முறைப்படி எண்ணினால் வி, ரு, த், தா, ச, ல, ம் என 7 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்களைப் பெறுவதால் இதே சொல் 12 குறியெண்களாகிறது. யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் அது 36 பைட்டுகளாகிறது. 'பீங்கான்' என்னும் சொல்லுக்கு இவ்வெண்கள் முறையே 4, 8, 24 ஆகும்.

ஆங்கில எழுத்துகளுக்கு இம்மூன்று எண்ணிக்கைகளும் ஒன்றே. எனவே, நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு நிரல் ஆங்கிலத்தில் சரியாக இயங்கி, தமிழில் பதிப்புக்குப் பதிப்பு வெவ்வேறு விடை தருவதில் வியப்பில்லை. எந்த எண்ணிக்கையைத் தருவது என்பதில்தான் மொழியின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வேறுபடுகின்றன.

பைத்தான் 2இலிருந்து பைத்தான் 3

பைத்தான் 3.0 பதிப்பு 2008 திசம்பர் 3 அன்று வெளியானது. பைத்தான் 2.7க்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிவுற்றது; அதன் இறுதி வெளியீடான 2.7.18 அவ்வாண்டு ஏப்பிரலில் வந்தது. இவ்விரு தலைமுறைகளுக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடுகளுள் ஒன்று சரத்தின் பொருளாகும். பைத்தான் 2இல் சாதாரணச் சரம் என்பது பைட்டுத் தொடர். பைத்தான் 3இல் அது ஒருங்குறிக் குறியெண்களின் தொடர்.

லினக்ஸ் கணினியில் 'விருத்தாசலம்' என்னும் செயலுருபின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2 பொதுவாக 36 என்றும், பைத்தான் 3 பொதுவாக 12 என்றும் விடை தரும். முதல் மூன்று இடங்களை வெட்டி எடுத்தால் பைத்தான் 2இல் 'வ' என்னும் ஒரே எழுத்து கிடைக்கும். பைத்தான் 3இல் 'விர' கிடைக்கும். மூன்றாவது குறியெண் 'ர' மட்டுமே என்பதால் அதன் உகரக் குறி வெட்டுப்பட்டு விடுகிறது.

மேம்படுத்தலுக்குப் பின் பொதுவாகக் காணப்படும் பிழைகள் பின்வருமாறு:

பழைய நிரல்களில் செயலுருபைப் பெற்றவுடன் 'டீகோட்' செயற்கூறு கொண்டு யுடிஎஃப்-8இலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் வழக்கம் இருந்தது. பைத்தான் 3இல் செயலுருபு ஏற்கெனவே ஒருங்குறிச் சரமாக வருகிறது. அச்சரத்துக்கு 'டீகோட்' என்னும் பண்பு இல்லை எனப் பிழைச்செய்தி தோன்றும். அவ்வரியை நீக்குவதே தீர்வாகும்.

செயலுருபைப் பைட்டுத் தொடருடன் ஒப்பிடும் நிரல், பைத்தான் 3இல் பிழைச்செய்தி எதுவும் தராமல் 'பொய்' என்னும் விடையைத் தரும். சரமும் பைட்டுத் தொடரும் ஒருபோதும் சமமாகக் கொள்ளப்படுவதில்லை. நிரல் முறிந்து நிற்காததால் இது கண்டறியக் கடினமான பிழையாகும். கோப்பைப் பைட்டு முறையில் திறந்து படித்துச் செயலுருபுடன் ஒப்பிடும் தேடல் நிரல்கள், தேடும் சொல் கோப்பில் இருந்தும் 'இல்லை' எனக் கூறுவது இதனாலேயே.

செயலுருபாக வரும் எண்ணும் சரமே ஆகும். பைத்தான் 2இல் அதை எண்ணாக மாற்றாமலேயே 10ஐ விடப் பெரிதா எனக் கேட்டால் பிழை எழாது. எந்த மதிப்பாயினும் 'மெய்' என்றே விடை வரும். பைத்தான் 3இல் அவ்வரியில் வகைப்பிழை எழுந்து நிரல் நின்றுவிடும். இங்குப் பழைய நிரலில் நெடுங்காலம் மறைந்திருந்த வழுவை மேம்படுத்தல் வெளிக்கொணர்கிறது. அதுபோலவே, எண்ணாக மாற்றிய செயலுருபை வகுக்கும்போது பைத்தான் 2 முழு எண்ணையும் பைத்தான் 3 பின்னத்தையும் தரும்.

'ஆர்க்பார்ஸ்' நிரற்கூறைப் பயன்படுத்தும் நிரல்களில் துணைக்கட்டளை தரப்படாவிட்டால் பைத்தான் 2.7 'செயலுருபுகள் போதவில்லை' என எச்சரித்து நிற்கும். பைத்தான் 3.3 முதல் அவ்வெச்சரிக்கை எழுவதில்லை. நிரல் தொடர்ந்து சென்று வேறோர் இடத்தில் முறியும். துணைக்கட்டளை கட்டாயம் என அறிவிக்கும் வசதி 3.7 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

வட்டார அமைப்பும் நேரவரிசைப் பணிகளும்

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பைத்தான் 3, செயலுருபின் பைட்டுகளை எக்குறிமுறையில் வாசிப்பது என்பதைச் சூழல் மாறிகளில் உள்ள வட்டார அமைப்பைக் கொண்டு முடிவு செய்கிறது. முனையத்தில் சரியாக இயங்கும் நிரல், 'கிரான்' என்னும் நேரவரிசை நிரலின் வழியாக இரவில் இயங்கும்போது முறிவது இதனால் நிகழ்கிறது. கிரான் வழியாக இயங்கும் பணிகளுக்குப் பயனரின் சூழல் மாறிகள் முழுமையாகக் கிடைப்பதில்லை. வட்டார அமைப்பு எதுவும் இல்லாத நிலையில் 'சி' எனப்படும் அடிப்படை அமைப்பு நடைமுறைக்கு வரும். அது ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே அறியும்.

அறியாத பைட்டுகள் இழக்கப்படாமல் இருக்கப் பைத்தான் 3.1 (2009) ஒரு வழியைக் கொண்டுவந்தது. வாசிக்க முடியாத ஒவ்வொரு பைட்டும் 56448 முதல் 56575 வரையிலான தனிக் குறியெண்களுள் ஒன்றாகத் தற்காலிகமாக மாற்றி வைக்கப்படுகிறது. அச்சரத்தை வெளியீடாக அச்சிட முயலும்போது பிழை எழும். ஆயினும் மூலப் பைட்டுகள் அழிவதில்லை. 'ஓஎஸ்' நிரற்கூறின் 'எஃப்எஸ்என்கோட்' செயற்கூறால் பைட்டுகளைத் திரும்பப் பெற்று, யுடிஎஃப்-8ஆக மீண்டும் வாசித்தால் தமிழ்ச் சொல் முழுமையாகக் கிடைத்துவிடும்.

2018இல் வெளியான பைத்தான் 3.7, 'சி' வட்டார அமைப்பில் இயங்க நேர்ந்தால் தானாகவே யுடிஎஃப்-8க்கு மாறிக்கொள்கிறது. எனவே 3.6 அல்லது அதற்கு முந்திய பதிப்பிலிருந்து மேம்படுத்துவோருக்கு இச்சிக்கல் மறைவதே வழக்கம். புதிய பதிப்பிலிருந்து பழைய வழங்கி ஒன்றுக்கு நிரலை எடுத்துச் செல்வோருக்கு அது மீண்டும் தோன்றும். 3.15 பதிப்பு முதல் வட்டார அமைப்பு எதுவாயினும் யுடிஎஃப்-8ஐயே இயல்பிருப்பாகக் கொள்வது என 2022இல் முடிவு செய்யப்பட்டது.

விண்டோஸ் இயங்குதளத்தில்

விண்டோசில் பைத்தான் 2, செயலுருபுகளை அக்கணினியின் பழைய 8-பிட்டுக் குறித்தொகுதி வழியாகப் பெற்றது. தமிழுக்கு அவ்வகைக் குறித்தொகுதி எதுவும் விண்டோசில் இல்லை. தமிழ் அங்கு ஒருங்குறி வழியாக மட்டுமே இயங்கும் மொழி. ஆகவே தமிழ்ச் செயலுருபின் ஒவ்வொரு குறியெண்ணும் கேள்விக்குறியாக மாறியே நிரலை அடைந்தது. இவ்விழப்பு நிரலுக்குள் நுழையும் முன்பே நிகழ்வதால் பட்டியலிலிருந்து அதனை மீட்க இயலாது. பைத்தான் 3 விண்டோசின் ஒருங்குறிக் கட்டளை வரியை நேரடியாகப் பெறுவதால் இக்குறை நீங்கியது.

விண்டோசில் மற்றொரு சிக்கலும் உண்டு. 'பைத்தான்' என்னும் கட்டளையைத் தட்டச்சு செய்யாமல் நிரல் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்து இயக்கும்போது, கோப்பு வகைக்கும் மொழிபெயர்ப்பிக்கும் இடையே பதிவகத்தில் உள்ள தொடர்பு பயன்படுத்தப்படுகிறது. அத்தொடர்பின் இறுதியில் சதவீதக் குறியும் உடுக்குறியும் இல்லையெனில் செயலுருபுகள் கடத்தப்படுவதில்லை. பல பதிப்புகளை நிறுவி நீக்கிய கணினிகளில் இத்தொடர்பு குலைந்திருக்கலாம். அப்போது பட்டியலில் நிரலின் பெயர் மட்டுமே இருக்கும். மொழிபெயர்ப்பியின் பெயரையும் சேர்த்துக் கட்டளையிட்டால் செயலுருபுகள் வருமாயின் குறை பதிவகத்திலேயே உள்ளது எனக் கொள்ளலாம்.

பி.எச்.பி. மொழியில்

பி.எச்.பி. வலைப்பக்கங்களுக்காக உருவான மொழி ஆதலால், கட்டளை வரிச் செயலுருபுகள் அதில் அமைப்புக் கோப்பைச் சார்ந்துள்ளன. 'ரெஜிஸ்டர் ஆர்க்சி ஆர்க்வி' என்னும் அமைப்பு இதனைக் கட்டுப்படுத்துகிறது. கட்டளை வரிக்கான பி.எச்.பி. இவ்வமைப்பைப் பொருட்படுத்தாமல் எப்போதும் செயலுருபுகளைத் தரும். வலை வழங்கிக்கான சி.ஜி.ஐ. வகைப் பி.எச்.பி. அவ்வாறன்று, பி.எச்.பி.யுடன் வரும் மாதிரி அமைப்புக் கோப்புகளில் இவ்வமைப்பு அணைக்கப்பட்டுள்ளது. மேம்படுத்தலுக்குப் பின் நேரவரிசைப் பணி தவறுதலாகச் சி.ஜி.ஐ. வகையை அழைக்குமாயின் 'ஆர்க்வி' மாறி வரையறுக்கப்படாததாகிவிடும்.

2012 மார்ச்சில் வெளியான 5.4 பதிப்பு, 'எச்.டி.டி.பி. சர்வர் வார்ஸ்' முதலிய பழைய நீள்பெயர் வரிசைகளை நீக்கியது. அவற்றின் வழியாகச் செயலுருபைப் படித்த நிரல்கள் வெற்று மதிப்பையே பெறலாயின. 'சர்வர்' என்னும் முழுதளாவிய வரிசையின் 'ஆர்க்வி' உறுப்பைப் பயன்படுத்துவதே இதற்கான மாற்றாகும். 'ஆர்க்வி' தனிமாறியாக இருக்கையில், செயற்கூறின் உள்ளே 'குளோபல்' என அறிவிக்காமல் அதனைப் பயன்படுத்த இயலாது. 'சர்வர்' வரிசைக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

சரத்தை ஒருங்குறியாக மாற்ற முனைந்த பி.எச்.பி. 6 திட்டம் 2010இல் கைவிடப்பட்டது. ஆகவே பி.எச்.பி.யின் சரம் இன்றும் பைட்டுத் தொடரே. 'விருத்தாசலம்' என்னும் செயலுருபுக்குச் சாதாரண நீளச் செயற்கூறு 36 என்றும், பலபைட்டு நிரற்கூறின் செயற்கூறு 12 என்றும், எழுத்துத்தொகுதியை எண்ணும் 'கிராஃபீம்' செயற்கூறு 7 என்றும் விடை தரும்.

பாதுகாப்பு

செயலுருபு மாறிகள் பயனரின் கட்டளையிலிருந்து மட்டுமே வருகின்றன என நம்புவது பாதுகாப்பானதன்று. மேற்கூறிய அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், வலை முகவரியின் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியிலிருந்தும் பி.எச்.பி. 'ஆர்க்வி'யை நிரப்பும். 2024 நவம்பரில் லாராவெல் சட்டகத்தில் இவ்வழியே வெளியார் இயங்குசூழலை மாற்ற இயலும் என்னும் குறை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. வலை வழியே இம்மாறிகளை நிரப்பும் வழக்கம் 2025 நவம்பரில் வெளியான பி.எச்.பி. 8.5 பதிப்பில் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது.

அதற்கு முன் 2012 மே மாதத்தில், சி.ஜி.ஐ. வகைப் பி.எச்.பி.க்கு வலை முகவரி வழியே கட்டளை வரித் தெரிவுகளை அனுப்பி நிரலின் மூலவரிகளைக் காண முடியும் என்னும் குறை வெளிவந்தது. அது திருத்தப்பட்டபின், 2024 சூனில் இதே குறை விண்டோசில் வேறு வழியாகத் திரும்பியது. சில கிழக்காசியக் குறித்தொகுதிகளில் விண்டோஸ் 'மென்கோடு' என்னும் குறியைச் சாதாரணச் சிறுகோடாக மாற்றிக் கொடுத்ததால், பழைய தடுப்பு பயனற்றுப் போனது. 8.1.29, 8.2.20, 8.3.8 பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டது. கட்டளை வரியில் குறிமுறை மாற்றம் எழுத்துகளைச் சிதைப்பதோடு நில்லாமல், வழங்கியையே பிறர் கைப்பற்றவும் வழிவிடலாம் என்பதற்கு இது சான்றாகும்.

சிக்கலைக் கண்டறியும் முறை

நிரலைத் திருத்தத் தொடங்குமுன் நிரலை உண்மையில் வந்தடைந்தது எது என்பதை அறிதல் வேண்டும். பின்வரும் வரிசை பயன்தரும்.

1. எந்த மொழிபெயர்ப்பி இயங்குகிறது என்பதை நிரலுக்குள்ளிருந்தே அச்சிட வேண்டும். பைத்தானில் 'சிஸ்' நிரற்கூறின் பதிப்பு, இயங்குகோப்பு ஆகிய மதிப்புகள் இதைக் காட்டும். உபுண்டு 20.04 முதலான வெளியீடுகளில் 'பைத்தான்' என்னும் கட்டளை இயல்பிருப்பாக இல்லை. 'பைத்தான்3' என்பதே உண்டு.

2. பட்டியலின் உறுப்புகளை எண்ண வேண்டும். 'விருத்தாசலம் பீங்கான்' என்பதை மேற்கோள் குறியின்றிக் கொடுத்தால் அது இரு செயலுருபுகளாகும்; நேர் மேற்கோள் குறிகளுக்குள் கொடுத்தால் ஒன்றாகும். இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்த கட்டளைகளில் வளைந்த மேற்கோள் குறிகளும் நீள்கோடுகளும் இருக்கலாம். கட்டளைக் கூடு அவற்றை மேற்கோளாகவோ தெரிவுக் குறியாகவோ ஏற்பதில்லை.

3. செயலுருபின் ஒவ்வொரு உறுப்பின் எண்மதிப்பையும் 'ஆர்ட்' செயற்கூறு கொண்டு அச்சிட வேண்டும். திரையில் தெரியும் எழுத்துரு ஏமாற்றக்கூடும், எண் ஏமாற்றாது.

'விருத்தாசலம்' என்பதன் முதல் குறியெண்ணாகிய 'வ' எவ்வாறு தோன்றுகிறது என்பதைக் கொண்டு முடிவு செய்யலாம்:

2997 எனில் செயலுருபு சரியாக வந்துள்ளது. தமிழுக்குரிய குறியெண்கள் 2944 முதல் 3071 வரை அமைகின்றன. குறை நிரலின் வேறு பகுதியில் உள்ளது.

224, 174, 181 என மூன்று எண்கள் வந்தால் யுடிஎஃப்-8 பைட்டுகள் வாசிக்கப்படாமல் உள்ளன. பைத்தான் 2இல் இது இயல்பு. பைத்தான் 3இல் இவ்வாறு வந்தால் வட்டார அமைப்பு லத்தீன் குறிமுறையில் உள்ளது எனலாம்.

56544, 56494, 56501 என வந்தால் பைட்டுகள் தற்காலிகக் குறியெண்களில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றை மீட்கலாம், வட்டார அமைப்பைச் சரிசெய்வது நிலையான தீர்வாகும்.

63 எனில் அது கேள்விக்குறி. எழுத்து நிரலை அடையும் முன்பே இழக்கப்பட்டது.

4. எண்கள் சரியாக இருந்தும் ஒப்பீடு தவறினால், ஒரே எழுத்து இரு வடிவங்களில் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். 'கோவில்' என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக எழுதினால் 6 குறியெண்கள். ஏகாரக் குறியாகிய இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே எழுதினால் 7. திரையில் இரண்டும் ஒன்றே. 'யுனிகோட்டேட்டா' நிரற்கூறால் இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

தமிழ்க் கணிமையில்

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரலாக்க மொழி பைத்தானில் எழுதப்பட்டது. அது குறித்த ஆய்வுக் கட்டுரை 2009இல் வெளிவந்தது. அதனுடன் தொடர்புடைய 'ஓப்பன்-தமிழ்' நிரலகம் பைத்தானின் இரு தலைமுறைகளையும் கருத்திற்கொண்டு வளர்ந்தது. குறியெண் தொடரைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு அதில் உண்டு. 'விருத்தாசலம்' என்பதற்கு 7 என்னும் விடையைப் பைத்தானில் பெற இவ்வகை நிரலகம் தேவை. மொழியின் இயல்பான நீளச் செயற்கூறு அதைத் தருவதில்லை.

ஒருங்குறிக்கு முந்திய டிஸ்கி முதலிய குறிமுறைகளில் பெயரிடப்பட்ட பழைய கோப்புகள் மற்றொரு சிக்கலைத் தருகின்றன. யுடிஎஃப்-8 சூழலில் அப்பெயர்களைச் செயலுருபாகக் கொடுத்தால், பெரும்பாலும் அவை தற்காலிகக் குறியெண்களாகவே நிரலை அடையும். பைட்டுகளாகத் திரும்பப் பெற்று, டிஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே அவற்றைப் படிக்க இயலும். ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் அம்மாற்றத்துக்கான நிரற்கூறும் உள்ளது.

விக்கித் திட்டங்களில் தானியங்கிகளை இயக்கப் பயன்படும் 'பைவிக்கிபாட்' கட்டுரைத் தலைப்புகளையும் பகுப்புப் பெயர்களையும் கட்டளை வரிச் செயலுருபுகளாகப் பெறுகிறது. இரு சொற்களைக் கொண்ட தமிழ்த் தலைப்பு மேற்கோள் குறியின்றிக் கொடுக்கப்பட்டால் தானியங்கி வேறொரு பக்கத்தைத் தொகுக்கக்கூடும். ஆகையால் தொகுப்புப் பணியைத் தொடங்குமுன் பெறப்பட்ட தலைப்பை அச்சிட்டுப் பார்ப்பதும், நீண்ட தலைப்புப் பட்டியல்களைக் கட்டளை வரியில் கொடாமல் யுடிஎஃப்-8 கோப்பு ஒன்றிலிருந்து படிக்கச் செய்வதும் பாதுகாப்பான நடைமுறைகள் ஆகும்.